வி-3 என்று முத்திரை விழுந்த கூடை

கோசலாவின் முதல் கட்டுரை திரும்பி வந்தபோது அதற்கு அம்மை போட்டிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாள். பதினேழு இடத்தில் சுமன் சேர் ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தார்: ‘ஆதாரம்?’

‘மலைநாட்டில் மழை அதிகம்’ என்று எழுதியதற்கும் ஆதாரம் கேட்டிருந்தார். ‘எங்கள் லயத்துக் கூரை ஒழுகும்’ என்று எழுதியதற்கும் கேட்டிருந்தார்.

“அடுத்த தரம் ஊருக்குப் போறப்ப அந்தத் தகரத்தக் கழட்டிக்கிட்டு வந்துரு,” என்றாள் பக்கத்தில் இருந்த மின்ஹா. “பின்னிணைப்பு ஒன்றுன்னு போட்டுக் குடுப்போம். சேர் தலைக்கு மேல புடிச்சுத் தண்ணி ஊத்திப் பார்க்கட்டும்.”

மின்ஹா, அட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஹுசைன் ஹாஜியாரின் மகள். கொழும்பில் பல்கலைக்கழகத்துச் சட்ட வகுப்பில் தமிழில் படித்தவர்களுக்குள், வெயிலைக் கண்டால் முகம் சுளிக்கும் மலைநாட்டுக்காரர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அதனாலேயே கூட்டாளியானார்கள்.

சுமன் சேர் படிப்பித்த பாடத்துக்குப் பெயர் ‘சட்ட ஆய்வும் எழுத்து முறையும்’. சட்டம் என்றால் கறுப்புக் கோட்டுப் போட்டு மேசையில் அடித்துப் பேசுவது என்று நினைத்து வந்த பிள்ளைகளை நூலகத்தில் உட்கார வைத்து, எந்தத் தீர்ப்பு எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கத்தில் கிடக்கிறது என்று தேட வைக்கும் பாடம். ஒரு வரி எழுதினால் அதன் காலடியில், சின்ன எழுத்தில், ஓர் அடிக்குறிப்பு இருக்க வேண்டும். யார் சொன்னது, எப்போது, எங்கே. அடிக்குறிப்பு இல்லாத வரி, அடையாள அட்டை இல்லாமல் கொழும்புக்குப் போன தோட்டத்துப் பையன் மாதிரி. எந்தச் சந்தியிலும் நிறுத்திக் கேட்பார்கள்.

“கோசலா, நீர் எழுதியிருக்கிறது கதை,” என்றார் சுமன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். திட்டும்போதும் குரல் உயராது. அதுதான் கூடச் சுடும். “நல்ல கதை. ஆனா நான் கதை கேக்கேல்லை.”

அவளுக்கு இது புதுசு. அதுவரை அவள் எழுதிய எதற்கும் யாரும் ஆதாரம் கேட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள், விடியுமுன் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்துப் பலகையில், கணக்கப்பிள்ளையின் கையெழுத்தை அப்படியே உரித்து ‘இன்று வேலை இல்லை’ என்று சோக்கட்டியால் எழுதி வைத்தாள். வந்த சனம் பலகையைப் பார்த்தது. திரும்பிப் போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டது. ஒன்பது மணிவரை மலையில் ஒரு கொழுந்துக் கூடை அசையவில்லை. அவளுடைய அம்மா மீனம்மா, கொழுந்து பறிக்கப் போன இருபது வருடத்தில் முதல் தடவையாக, வெயில் முகத்தில் பட்டு எழும்பினாள். அதற்காகத்தான் எழுதினாள் என்பதைக் கோசலா இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. குறும்பு என்றே ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைக்கட்டும்.

இரண்டாவது வேலையாகச் சுமன் சேர் பெரிய கட்டுரை ஒன்று கொடுத்தார். “உங்கட ஊரில நடக்கிற ஒரு சட்டப் பிரச்சினையைப் பிடியுங்கோ. உண்மைகளைச் சேருங்கோ. விதியைத் தேடுங்கோ. விதியை உண்மையில பொருத்திப் பாருங்கோ. உங்களுக்குச் சாதகமாய் இருக்கிறதை மட்டும் தேடினால் அது ஆய்வு இல்லை, சண்டை.”

மற்றப் பிள்ளைகள் பிரச்சினை தேடிப் பத்திரிகை புரட்டினார்கள். கோசலாவுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அது அவளுடைய வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் போட்டிருந்தது.

கந்தப்பளையிலிருந்து மேலே ஏறினால், பஸ் திரும்பும் இடத்துக்கும் அப்பால், கீழ்க்கணக்கு என்று ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். கம்பனித் தோட்டம் இல்லை. பரம்பரையாக ஒரு சிங்களக் குடும்பத்துக்குச் சொந்தமான சின்னத் தேயிலைத் தோட்டம். லயத்துக்குக் கீழே ஒரு பள்ளம். மலைத் தண்ணீரெல்லாம் வந்து தேங்கி, சேறும் அட்டையும் மட்டும் விளைந்த இடம். தேயிலை வைத்தால் அழுகிவிடும் என்று தோட்டம் கைகழுவி விட்ட அந்தப் பள்ளத்தில், கோசலாவின் அப்பா செல்லசாமி இருபத்தேழு வருடத்துக்கு முன் மண்வெட்டியோடு இறங்கினார். கான் வெட்டித் தண்ணீரை வடித்தார். கல் அடுக்கி வரம்பு கட்டினார். பிறகு லீக்ஸ், கரட், பீட்ரூட். கோசலாவின் வெள்ளைச் சட்டையிலிருந்து கொழும்புக்குப் போகும் ரயில் சீட்டுவரை அந்தப் பள்ளத்திலிருந்து முளைத்ததுதான்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பழைய துரை இறந்தார். மகன் வெளிநாட்டில் இருந்துகொண்டே தோட்டத்தை விற்றார். வாங்கிய புது முதலாளிக்குத் தேயிலையில் அவ்வளவு அக்கறை இல்லை. குளிரை விலை கொடுத்து வாங்க வரும் ஆட்களுக்கு மரக் குடில்கள் கட்டப் போகிறாராம். அதற்குப் பள்ளம்தான் தோதான இடமாம், மூடுபனி அங்கேதான் முதலில் இறங்குமாம். செல்லசாமி வெளியேற வேண்டும் என்று முதலாளி வழக்குப் போட்டார்.

நகரத்தில் செல்லசாமிக்காக வாதாட வந்தவர் சட்டத்தரணி பொன்னையா. அவர் சொன்னது எளிமையானது. ஒருவன் யாருடைய அனுமதியும் கேட்காமல், தன்னுடையது போலவே, பத்து வருடம் தொடர்ந்து ஒரு நிலத்தை ஆண்டு அனுபவித்தால் நிலம் அவனுக்கு. நாட்டில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிற சட்டம். “பத்து வருசம் போதுங்க. ஒங்களுக்கு இருவத்தேழு இருக்கு. பாக்கிப் பதினேழ யாருக்காவது கடன் கொடுக்கலாம்,” என்று சிரித்தாராம்.

இரண்டு வருடம் இழுத்த வழக்கு, ஆகஸ்ட் மாதத்தில் சாட்சி விசாரணைக்கு வந்து நின்றது. அதே நேரத்தில்தான் கோசலாவின் கட்டுரையும்.

ஒரு சனிக்கிழமை நானுஓயாவில் இறங்கி, வான் மாறி, பஸ் மாறி, கையில் ஒரு படிவத்தோடு வீடு வந்து சேர்ந்தாள். ஆளைப் பேட்டி காணுமுன் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சுமன் சேரின் சட்டம்.

“எதுக்குப் பாப்பா கையெழுத்து? எம்மககிட்ட நான் பேசுறதுக்கா?”

“ஆமாப்பா. போடுங்க. பேரு சொல்லுங்க.”

“ஒனக்கு எம்பேரு தெரியாதா?”

“எனக்குத் தெரியும். சேருக்குத் தெரியாதுல்ல.”

உள்ளேயிருந்து மீனம்மா குரல் கொடுத்தாள். “இந்த வயசுல மனுசனுக்குப் பேட்டி ஒண்ணுதான் கொறச்சல்! ரொட்டி காயுது, வந்து தின்னுட்டுப் பேசுங்க.”

“இரு புள்ள, கவுருமெண்டு வேல நடக்குது,” என்றார் செல்லசாமி. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“அந்தப் பள்ளத்துல எறங்குறப்ப யாருகிட்டயாச்சும் கேட்டீங்களாப்பா?”

“சேத்த அள்ளுறதுக்கு யாருகிட்டக் கேக்குறது? வேணாம்னு கெடந்த எடம். தேயிலையக் கவ்வாத்து வெட்டிட்டு வந்து, பொழுது எறங்குற வரைக்கும் அதுலதான் கெடப்பேன். அட்ட கடிச்சுக் கடிச்சுக் காலு ரெண்டும் பீட்ரூட்டு மாதிரி ஆயிரும். அப்பெல்லாம் நீ வயித்துலகூட இல்ல.”

‘யாருடைய அனுமதியும் பெறாமல்’ என்று கோசலா எழுதி, இரண்டு தரம் கோடிட்டாள். அவளுக்கு உள்ளுக்குள் குதித்தது.

“இத்தன வருசமா நீங்கதான் செய்யிறீங்கன்னு காட்ட ஏதாச்சும் இருக்கா? தேதி போட்ட மாதிரி?”

செல்லசாமி சுவரைக் காட்டினார்.

முருகன் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்துக்குள், அதே மாதிரிப் பிளாஸ்டிக் மாலையோடு ஒரு புகைப்படம். பங்களா வாசலில் பழைய துரை நிற்கிறார். எதிரே செல்லசாமி, தலைமுடி முழுக்கக் கறுப்பாக, இரண்டு கையாலும் ஒரு கூடையை நீட்டிக்கொண்டு. கூடையில் லீக்ஸ் கட்டு, கரட், உச்சியில் ஓர் எலுமிச்சம்பழம். கோசலா பிறந்ததிலிருந்து பார்த்து வந்த படம். அதனால் ஒருநாளும் பார்க்காத படம்.

தைப்பொங்கலன்று, காய்கறி போடுகிற ஒவ்வொருவரும் முதல் கூடையைத் துரைக்குக் கொண்டுபோவது அந்தத் தோட்டத்து வழக்கம். யாரும் கேட்டதில்லை, யாரும் எழுதி வைத்ததுமில்லை. துரை கூடையைத் தொட்டு, ஒரு கரட்டை எடுத்துக் கடித்து, “ஹொந்தய், ஹொந்தய்” என்பார், நல்லது என்று சிங்களத்தில். பிறகு ஒரு பிஸ்கட் பெட்டி கொடுப்பார். அந்தப் பிஸ்கட்டுக்காகக் கோசலா வருடம் முழுக்கக் காத்திருந்திருக்கிறாள்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றித் திருப்பினாள். பின்னால் தோட்டத்துக் கிளாக்கரின் முத்து முத்தான எழுத்து: ‘செல்லசாமி. பள்ளத்துத் தோட்டம். துரைக்கு முதல் கூடை. 14.01.2003.’

“அப்பா! தேதி இருக்கு, தொரை இருக்காரு, வெளைச்சல் இருக்கு. இதுக்கு மேல என்னா ஆதாரம் வேணும்? இத வக்கீலய்யாகிட்டக் குடுங்க.”

“அவரு கேக்கலியே.”

“நான் சொல்றேன்ல. நான்தானே படிக்கிறேன்.”

செல்லசாமி மகளைப் பார்த்த பார்வையை எந்தப் பின்னிணைப்பிலும் சேர்க்க முடியாது. படத்தை மீனம்மாவின் பழைய சேலையில் சுற்றி, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில், குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது போல மடியில் வைத்துக்கொண்டு போனார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் புகை படியாமல், வெள்ளையாக, நாலு மூலையோடு நின்றது.

மூன்று வாரம் கழித்துச் சுமன் சேர் பலகையில் ‘எதிர் ஆதாரம்’ என்று எழுதினார். “இனி உங்கட கட்சியைத் தோற்கடிக்கக் கூடிய விதியைத் தேடுங்கோ. எதிராளியின்ர வக்கீல் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னம் நீங்கள் கண்டுபிடிக்க வேணும்.”

கோசலா சிரித்துக்கொண்டேதான் நூலகத்துக்குப் போனாள். அப்பாவின் வழக்கில் தோற்க என்ன இருக்கிறது? சும்மா ஒரு பக்கம் எழுத எதையாவது எடுப்போம் என்று, பொன்னையா சொன்ன அந்தப் பழைய சட்டத்தை முதலாவது வரியிலிருந்து வாசித்தாள். அதுவரை அவள் சட்டத்தைப் பற்றி எழுதியவர்களைத்தான் வாசித்திருந்தாள். சட்டத்தை வாசித்திருக்கவில்லை.

பத்து வருடம், தொடர்ச்சியாக, இடையூறில்லாமல். சரி. அதற்குப் பிறகும் வாக்கியம் முடியவில்லை. அந்தக் காலத்தில் வாடகையோ விளைபொருளோ கொடுத்திருக்கக் கூடாது. ஊழியமோ கடமையோ செய்திருக்கக் கூடாது. அந்த நிலத்தில் வேறொருவருக்கு உரிமை உண்டு என்று ஒத்துக்கொண்டதாக இயல்பாகவே தோன்றும் எந்தச் செயலும் செய்திருக்கக் கூடாது.

விளைபொருள்.

கோசலா அந்தச் சொல்லிலேயே நின்றாள். கூடை. லீக்ஸ் கட்டு. உச்சியில் எலுமிச்சம்பழம்.

“என்னாடி பேயப் பார்த்த மாதிரி?” என்றாள் மின்ஹா.

கோசலா புத்தகத்தைத் தள்ளிவிட்டாள். மின்ஹா வாசித்தாள். வழக்கம்போலக் கேலியாக ஒரு பகிடி விட வாயைத் திறந்தாள், விடவில்லை. மின்ஹாவுக்குப் பகிடி வராமல் போனது அந்த வருடத்தில் அது ஒரு தரம்தான்.

“அந்தப் போட்டோவ வக்கீல் பைலுக்குள்ளதானே வச்சிருப்பாரு? வெளிய எடுக்கச் சொல்லு,” என்றாள்.

கோசலா நூலகத்து வாசலில் நின்று போன் எடுத்து, படத்தை வெளியே எடுத்துவிடச் சொன்னாள். பொன்னையா நீதிமன்றத்து இடைவேளையில் வடை தின்றுகொண்டிருந்தார். “ஆதார லிஸ்ட்டு போட்டாச்சேம்மா. எதிர்த் தரப்புக்குப் பிரதியும் போயிருச்சு.”

“ஐயா, அந்தப் படம் நமக்கு எதிரா...”

அந்தப் பக்கம் மெல்லுவது நின்றது. “பின்னுக்கு ஏதும் எழுதியிருக்கா?”

“நீங்க பார்க்கலியா?”

“ஒரு நாளைக்கு முப்பது பைலும்மா. முன்பக்கத்தத்தான் பார்த்தேன்.” காகிதத்தில் கை துடைக்கும் சத்தம் கேட்டது. “எதுக்குங்க இதுன்னு நான் கேக்கத்தான் செஞ்சேன். எம்மக சட்டம் படிக்குது, அவதான் குடுக்கச் சொன்னான்னு ஒங்கப்பா நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னாரு. அதுக்கு மேல நான் என்னாத்தக் கேக்குறது?”

“வாபஸ் வாங்க ஏலாதா ஐயா?”

“வாங்குனா, எதுக்கு வாங்குனீங்கன்னு அதத்தான் மொதல்ல புடிப்பாங்க. விடு. பார்ப்போம்.”

‘பார்ப்போம்’ என்பது வக்கீல்கள் சொல்லும் சொற்களில் மிகவும் கெட்டது என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது. அதற்கு எந்தப் புத்தகத்திலும் ஆதாரம் தேட வேண்டியிருக்கவில்லை.

விசாரணை நாளன்று அப்பாவோடு பஸ்ஸுக்கு நின்றாள். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. அவர் கோயிலுக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தார்.

“அப்பா. கோர்ட்டுல அந்தக் கூடையப் பத்திக் கேட்டா...”

“கேட்டா?”

மீதி வாக்கியம் அவளிடம் இருந்தது. நூலகத்தில் அந்தச் சட்டத்தை வாசித்த நாளிலிருந்து வைத்திருந்தாள். ‘கொடுக்கலன்னு சொல்லுங்க’ என்பது அது. சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும் பொய்க்கு என்ன தண்டனை, எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் என்பதுவரை அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். இந்த ஆளோ, திருவிழாவில் பங்குக்கு மேல் ஒரு வடையை வாயில் போட்டுக்கொண்டதற்காகத் திரும்பி நடந்துபோய் மன்னிப்புக் கேட்டவர்.

“கேட்டா, நிதானமாப் பேசுங்க,” என்றாள்.

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ குளுருக்கு மப்ளரு போடு.”

நீதிமன்றத்துப் படியில் பொன்னையா செல்லசாமியைத் தனியே கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னார். செல்லசாமி தலையை ஆட்டினார். கோசலாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

எதிர்த் தரப்புச் சட்டத்தரணி கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கூடக் கசந்தது. கத்தவில்லை, மிரட்டவில்லை. சிங்களத்தில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார், ஒவ்வொரு கேள்வியும் ‘ஐயா’ என்றே தொடங்கியது. ஐயா, இது உங்கள் தரப்பு ஆவணம், வி-3 என்று குறியிட்ட புகைப்படம், இதில் இருப்பது நீங்கள்தானா?

“நாந்தானுங்க.”

“என்ன கொடுக்கிறீர்கள்?”

“மொத வெளைச்சலுங்க.”

“இந்த ஒரு வருடம் மட்டும்தானா?”

செல்லசாமியின் முதுகு நிமிர்ந்தது. “என்னாங்க அப்பிடிக் கேட்டுட்டீங்க? பெரிய தொரை கண்ண மூடுற வரைக்கும் ஒரு வருசம் தவறல. காச்சல்ல கெடந்த வருசங்கூடச் சம்சாரத்துக்கிட்டக் குடுத்தனுப்பினேன். வேணும்னா அவளக் கேட்டுப் பாருங்க.”

கேட்கத் தேவையில்லை என்றார் சட்டத்தரணி. உட்கார்ந்துவிட்டார்.

பொன்னையா எழுந்தார். கடைசி ஒரு கேள்வி. கிணற்றுக்குள் கயிறு விடுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார். “செல்லசாமி, அந்தக் கூடைய நீங்க எதுக்காகக் கொடுத்தீங்க?”

செல்லசாமி வக்கீலைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு கோசலா இருந்த பக்கம் பார்த்தார்.

“அவரு மண்ணுங்க. அவரு மண்ணுல வெளஞ்சது. அவருக்குக் குடுக்காம நாம மட்டும் திங்க முடியுங்களா? தொண்டயில எறங்காதுங்களே.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். ஒரே ஒரு வரிதான் எழுதினார். கோசலா எண்ணினாள்.

தீர்ப்பு நவம்பரில் வந்தது. பிரதிவாதி உண்மை பேசும் மனிதர் என்பதில் இந்நீதிமன்றத்துக்குச் சந்தேகம் இல்லை என்று தொடங்கியது. அப்படித் தொடங்கினால் எப்படி முடியும் என்று கோசலாவுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. பள்ளத்தை ஒரு மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும்.

பஸ் நிலையத்துக் கடையில் அப்பாவும் மகளும் பிளேன்டீ குடித்தார்கள். செல்லசாமி சீனியைக் கையில் கொட்டி நக்கிக்கொண்டார்.

“பாப்பா, எனக்கு ஒண்ணு வெளங்கல. நான் ஒரு வருசங்கூட தொரைக்குக் கூடை குடுக்காம, ஏன்னு கேட்டவன மொறச்சிக்கிட்டு இருந்திருந்தா, நெலம் எனக்கா?”

“ஆமாப்பா.”

“அப்ப மருவாதியா இருந்ததுக்குத்தான் போச்சா?”

“ஆமாப்பா.”

“நல்லாப் படிக்கிறீங்கம்மா,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார்.

கொழும்புக்குத் திரும்பி நாலு நாளில் கோசலா கட்டுரையை எழுதி முடித்தாள். உண்மைகள், கேள்வி, விதி, பொருத்தம், முடிவு. எதையும் விடவில்லை. கூடையை எழுதினாள், எலுமிச்சம்பழத்தை எழுதினாள். அவளுடைய தரப்பைத் தோற்கடித்த விதியை அதன் முழு நீளத்துக்கும் எழுதினாள். அறுபத்தொரு அடிக்குறிப்பு. இருபத்து மூன்றாவது இப்படி இருந்தது: ‘இப்புகைப்படத்தைச் சமர்ப்பிக்கும்படி பிரதிவாதிக்கு ஆலோசனை கூறியவர் இக்கட்டுரையை எழுதுபவர். அப்போது அவர் சட்டத்தை முழுமையாக வாசித்திருக்கவில்லை.’

சுமன் சேர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கட்டுரையில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. வகுப்பிலேயே கூடிய புள்ளி. இருபத்து மூன்றாவதின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

“இது உம்மட அப்பாவோ?”

“ஆமா சேர்.”

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். “அடுத்த வருசப் பிள்ளையளுக்கு இதை மாதிரிக் கட்டுரையாய்க் காட்டலாமோ எண்டு கேக்கத்தான் கூப்பிட்டனான்,” என்றார். “முடிவுரையில மட்டும் உணர்ச்சி கொஞ்சம் கூடிப்போச்சு. குறைச்சால் நல்லம்.”

குறைத்துக் கொடுத்தாள். இப்போது அது எல்லாருக்கும் மாதிரி. யாராவது ஒரு பிள்ளை எங்காவது ஒரு கட்டுரையின் காலடியில் செல்லசாமியின் கூடையை அடிக்குறிப்பாகப் போடும். கூடை போகாத ஊரில்லை இனி.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது பள்ளத்தில் கொங்கிரீட் தூண்கள் எழும்பியிருந்தன. அப்பா அடுக்கிய வரம்புக் கல்லை அத்திவாரத்துக்குப் போட்டிருந்தார்கள். செல்லசாமி லயத்து வாசலில், உர பேக்குகளில் மண் நிரப்பி, ஏழு லீக்ஸ் வைத்திருந்தார். அந்த ஏழையும் மீனம்மா பிடுங்க விடவில்லை. பொங்கல் பானை பொங்கியது. மூன்று பேரும் தின்றார்கள். யாருக்கும் கூடை போகவில்லை.

படத்துக்காகக் கோசலா டிசம்பரிலேயே நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் எழுதியிருந்தாள். படித்த பிறகு அவள் எழுதிய முதல் உண்மையான சட்டக் கடிதம் அதுதான். ‘அப்படம் எங்கள் சுவரில் இருந்தது. அதைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறோம்’ என்று இரண்டே வரி, அடிக்குறிப்பு இல்லை. பொங்கலுக்கு மூன்றாம் நாள் பதில் வந்தது. மூலப்படம் வழக்குக் கோவையின் பகுதி, இப்போதைக்குத் தர முடியாது. அத்தாட்சிப்படுத்திய பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

கறுப்பு வெள்ளைப் பிரதி. துரையின் முகம் மையாகக் கிடந்தது. அப்பாவின் முகம் பரவாயில்லை.

செல்லசாமி படத்தின் பழைய சட்டத்தைத் தேடி எடுத்துத் துடைத்தார். கோசலா கண்ணாடிக்குப் பின்னால் பிரதியை வைத்து ஆணி மடக்கினாள். தலை நிமிராமலே சொன்னாள்.

“அப்பா, அந்தப் படத்த நான் குடுக்கச் சொல்லாம இருந்திருந்தா, கூடையப் பத்தி ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. நெலம் நம்மளுது.”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“பொன்னையா ஐயாதான். அன்னிக்குக் கோர்ட்டுப் படியில வச்சு. எதுக்குக் கொடுத்தீங்கன்னு கேப்பேன், கூட்டாளின்னு நெனச்சு அன்பளிப்பாக் கொடுத்தேன்னு சொல்லுங்க, தப்பிச்சுக்கலாம்னாரு. சரின்னேன். சொல்லத்தான் நெனச்சேன் பாப்பா.” தரையைப் பார்த்துச் சிரித்தார். “தொரை எனக்குக் கூட்டாளியாம். நெனச்சுப் பாரு. வாயில வரல.”

“என்னய ஏன் ஏசலப்பா?”

“ஏசி? லீக்ஸ் மொளைக்குமா?”

உள்ளேயிருந்து மீனம்மா ஏதோ பாத்திரத்தைப் பலமாக வைத்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

செல்லசாமி படத்தை அந்த வெள்ளைச் சதுரத்தில் மாட்டிவிட்டு, நாலடி பின்னால் வந்து பார்த்தார். கிட்டப் போனார். கண்ணைச் சுருக்கினார்.

நீதிமன்றத்து வட்ட முத்திரை, ‘உண்மைப் பிரதி’ என்று சுற்றிலும் எழுத்தோடு, சரியாக அவருடைய இரண்டு கைக்கும் நடுவில் விழுந்திருந்தது. லீக்ஸ் இல்லை. எலுமிச்சம்பழம் இல்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் வெறும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

“கூடையக் காணோமே பாப்பா,” என்றார்.

“ஆமாப்பா.”

“இத முன்னுக்கே இப்பிடி அடிச்சுத் தந்திருந்தா செயிச்சிருப்போம்ல?”

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கோசலாவுக்குப் பகிடி பிடிக்கும், ஊருக்கே தெரியும். ஆனால் அவள் வாசலுக்குப் போய், அந்த ஏழு லீக்ஸுக்கும் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். அன்றைக்குக் காலையிலிருந்தே மழை பெய்துகொண்டிருந்தது.